கிழக்கே டச்சு, தெற்கே மோசி

ஆடி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பொழுது விடிந்தபோது கோட்டைக்கழி ஊரில் தமிழ் இல்லை. மற்றபடி எல்லாம் இருந்தது. கழியில் தண்ணீர் இருந்தது, தண்ணீரில் இறால் இருந்தது, சேவல் நேரத்துக்குக் கூவியது, தெருக்குழாயில் வழக்கம்போலக் காற்றுதான் வந்தது, சுல்தான் பாய் டீக்கடையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. ஊர் ஜனம் ஆயிரத்துச் சொச்சம் பேருக்கும் வாய் இருந்தது, வாய்க்குள் நாக்கு இருந்தது, நாக்கில் பேச்சுக்கும் பஞ்சமில்லை. ஆனால் ராத்திரி படுக்கும்போது இருந்த பேச்சு அது இல்லை, அவ்வளவுதான்.

ஊர்க் கோடியில், பழைய கோட்டைச் சுவருக்கு ஒட்டினாற்போல இருந்த கடைசி வீட்டில், பூங்காவனம் கண் விழித்தாள். பதினாறு வருஷமாகச் சொல்லிவந்த மாதிரியே, "ஏங்க, எழுந்திரிங்க, விடிஞ்சிடுச்சு" என்று சொல்ல வாயைத் திறந்தாள். வந்ததோ வேறு. ஏறி இறங்கி, மூக்கில் கொஞ்சம் தங்கி, பாட்டு மாதிரி வெளியே வந்தது. அது அவளுக்கே புரிந்ததுதான் விசேஷம். பிறந்த நாளிலிருந்து அதையே பேசி வளர்ந்தவள் மாதிரிப் புரிந்தது. அவள் புருஷன் தேசப்பன் எழுந்து உட்கார்ந்து, தொண்டையில் முள் சிக்கினவன் காறுவது போல என்னமோ கேட்டான். அது அவளுக்குப் புரியவில்லை. அவள் திரும்பக் கேட்டது அவனுக்குப் புரியவில்லை. கடைசியில் அவள் அடுப்பு மூட்டப் போனாள், அவன் பல் விளக்கப் போனான். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

மத்தியானத்துக்குள் ஊர் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டது. முந்தின ராத்திரி கிழக்கே தலை வைத்துப் படுத்தவர்களுக்கெல்லாம் ஒரு பேச்சு, தெற்கே தலை வைத்துப் படுத்தவர்களுக்கெல்லாம் இன்னொரு பேச்சு. வடக்கே தலை வைக்க நம்மில் யாருக்கு தைரியம் உண்டு? மேற்கே கழி, கொசு. ஆக ரெண்டே பேச்சு. அன்றைக்கு ராத்திரியே தெற்குக்காரர்கள் கிழக்கே திரும்பிப் படுத்தார்கள், கிழக்குக்காரர்கள் தெற்கே திரும்பிப் படுத்தார்கள், ஒரு குடும்பம் முழுக்க வட்டமாகப் படுத்தது. ஒன்றும் நடக்கவில்லை. கணக்கில் வந்தது அந்த ஒரு ராத்திரி மட்டும்தான்.

பூங்காவனத்துக்கு வயிறு எரிந்தது அங்கேதான். கல்யாணமான நாளிலிருந்து அவளும் அவனும் கிழக்கே தலை வைத்துத்தான் படுப்பார்கள். அந்தத் திங்கட்கிழமை அவன் கொண்டுவந்த நல்ல மடவை மீனையெல்லாம் வழியிலேயே அவன் தங்கச்சி வீட்டில் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு நாலு பொடிக் காரலை மட்டும் கொண்டுவந்தான். "என்னைப் பாத்தா உங்களுக்கு மனுஷியாத் தெரியலையா?" என்று கேட்டாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாயைச் சுருட்டித் தெற்கே தலையாகப் போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தாள். நாலு காரல் மீனுக்காக! பிற்பாடு அதை நினைத்து நினைத்து அவள் தன் தலையிலேயே அடித்துக்கொண்டது கொஞ்சமா?

ஊர் என்ன செய்தது என்று கேட்பீர்கள். முதல் நாள் அழுதது, ரெண்டாம் நாள் டீ குடித்தது, மூன்றாம் நாள் கடலுக்குப் போனது. மசூதியில் பாங்கு அரபியில் இருந்ததால் அதற்கு ஒரு குறையும் இல்லை, எல்லையம்மன் கோயில் குருக்களுக்கு சமஸ்கிருதம் அப்படியே இருந்தது, ஆகக் கடவுள்களுக்கு நஷ்டமில்லை, மனுஷர்களுக்குத்தான். பஸ்ஸின் போர்டில் இருந்தது எழுத்தா கோலமா என்று தெரியாமல் பஸ்ஸின் நிறத்தைப் பார்த்து ஏறினார்கள். ரேடியோவில் வந்த தமிழ், தகரத்தில் மழை பெய்கிற மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்துக்குக் காலவரையற்ற விடுமுறை என்று மேலிடத்திலிருந்து வந்த தாளைப் படிக்க ஆளில்லாததால் பிள்ளைகள் தினமும் போய்க்கொண்டேயிருந்தார்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் எல்லோருக்கும் பொதுவாக மிஞ்சியிருந்தது, பேர். மனுஷர்களுடைய பேர். தேசப்பன் டச்சிலும் தேசப்பன்தான், மோசியிலும் தேசப்பன்தான். சுல்தான் பாய் கடையில் ரெண்டு பக்கத்துக்காரர்களும் டீக்குச் சொல்வதே பேர் வைத்துத்தான்: "சிங்காரம்" என்றால் சர்க்கரை இல்லாத கடும் டீ, ஏனென்றால் சிங்காரம் குடிப்பது அது. "சம்பூர்ணம்" என்றால் பால் தூக்கலாக, ரெண்டு கரண்டி சர்க்கரை. அந்தச் சம்பூர்ணம் சிங்காரத்தின் பெண்டாட்டி, பூங்காவனத்துக்கு அடுத்த வீடு. அவர்கள் வீடு ரயில்பெட்டி மாதிரி ஒடுக்கம், ஒரே பக்கமாகத்தான் படுக்க முடியும், அதனால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பேச்சாக மோசிக்குப் போயிருந்தார்கள். கொடுத்துவைத்தவர்கள்.

இந்தப் பேச்சுகளுக்கு டச்சு, மோசி என்று பேர் இருப்பதே ஊருக்கு ஆவணியில்தான் தெரிந்தது. பத்திரிகைக்காரர்கள் ஒரு வாரம் படமெடுத்துவிட்டுப் போன பிறகு, பல்கலைக்கழகத்திலிருந்து வசுமதி என்று ஒரு அம்மாள் வந்தாள். ஒல்லியான உடம்பு, ஆண்கள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடை, நடுவில் கோடு போட்ட நீளமான நோட்டு. பேசவைத்துப் பதிவு செய்து எங்கெங்கோ அனுப்பினாள். பதில் வந்தது. கிழக்குப் பேச்சு டச்சு. கோட்டைக்குப் பின்னால் மண்டையோடு செதுக்கிய கல்லறைகளில் முன்னூறு வருஷமாகத் தூங்குகிறவர்கள் பேசியது. தெற்குப் பேச்சு மோசி. மேற்கு ஆப்பிரிக்காவில் கடலே இல்லாத ஒரு நாட்டில் லட்சக்கணக்கான ஜனங்கள் பேசுவது.

டச்சுக்காரர்களுக்கு அதில் ஒரு நிம்மதி வந்துவிட்டது. செத்தவர்கள் பேச்சு நம் வாய்க்கு வந்திருக்கிறது, சரி, கணக்கு நேராகிவிட்டது என்று வெள்ளிக்கிழமை தோறும் கல்லறைகளில் விளக்கு வைத்தார்கள். மோசிக்காரர்கள்பாடு திண்டாட்டம். அவர்கள் பேச்சைப் பேசின செத்தவர் ஒருத்தரும் இந்த மண்ணில் இல்லை. "நம்ம பேச்சுக்கு விளக்கு வைக்கணும்னா எங்கடி போய் வைக்கிறது?" என்று சம்பூர்ணம் கேட்டாள். (மோசியில்தான் கேட்டாள். நான் நம்ம பேச்சிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.) கடைசியில் அவர்கள் கழியில் ஒரு அகலை மிதக்கவிட்டார்கள். கடலே பார்த்திராத ஒரு நாட்டுக்குக் கடல் வழியாக.

வசுமதிக்குப் பகலெல்லாம் ஒப்பிடுவதுதான் வேலை. இந்தக் கட்டத்தில் டச்சு, அந்தக் கட்டத்தில் மோசி. தண்ணீர்: வாத்தர், கோம். மழை: ரேஹன், சாகா. மீன்: விஸ், ஸிம்ஃபு. மோசியில் ஒரே சொல்லைக் குரல் ஏற்றிச் சொன்னால் ஒன்று, இறக்கிச் சொன்னால் இன்னொன்று. டச்சுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் நாலு சொல்லை ஒட்டி ஒரு சொல்லாக்கி மூச்சு வாங்க வைக்கும். மோசியில் யாரையாவது பார்த்தால் தூங்கினாயா, வீட்டில் நலமா, பிள்ளைகள் நலமா என்று வரிசையாகக் கேட்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் "லாஃபி", நலம்தான், என்று பதில் வர வேண்டும். குழாயடியில் தெற்குப் பெண்கள் நலம் விசாரித்து முடிப்பதற்குள் வந்த தண்ணீரும் நின்றுவிடும். கிழக்குப் பெண்கள் ஒரே வார்த்தையில் வணக்கம் முடித்துக் குடத்தை நிரப்பிக்கொண்டு போனார்கள். முன்பெல்லாம் குடத்துக்காகச் சண்டை போட்டவர்கள்தான். இப்போது திட்டினால் புரியாது என்பதால் சண்டையே நின்றுபோனது. சண்டை நின்ற இடத்தில் ஒரு வெறுமை வந்து உட்கார்ந்தது, அது சண்டையைவிட மோசம்.

ஒன்றை ஒன்று கற்றுக்கொள்ளலாமே என்பீர்கள். முயற்சி பண்ணாமலா இருப்பார்கள்? வெளியூர்க்காரியான வசுமதிக்குப் படித்தது தங்கியது. ஊர்க்காரர்களுக்கோ சாயங்காலம் படித்தது விடியும்போது இருக்காது, பலகையைத் துடைத்த மாதிரி. ஊரெல்லாம் பத்து நாளில் சலித்துப்போய் விட்டுவிட்டது. தேசப்பன் மட்டும் விடவில்லை. தினமும் விளக்கேற்றினதும் பூங்காவனத்தை எதிரே உட்காரவைத்துச் செம்பைக் காட்டுவான். "வாத்தர்" என்பான். "கோம்" என்பாள் அவள். அவன் சொல்லிப் பார்ப்பான், அவள் சொல்லிப் பார்ப்பாள், அவளுக்கு அந்தக் காறல் வராது, அவனுக்கு அந்த இழுப்பு வராது, ரெண்டு பேரும் சிரிப்பார்கள். பிறகு விளக்கு, பிறகு பாய், பிறகு ஜன்னலில் தெரிகிற நிலா. மறுநாள் சாயங்காலம் திரும்பவும் செம்பு. அதே பாடத்தை அவர்கள் நூறு தடவைக்கு மேல் படித்திருப்பார்கள், ஒவ்வொரு தடவையும் முதல் தடவை.

பாடத்தின் கடைசியில் தேசப்பன் தன் நெஞ்சில் விரலை வைத்துக்கொண்டு, புருவத்தைத் தூக்கி, காத்திருப்பான். என் பேரைச் சொல்லு. அது ஒன்றுதான் விடிந்தாலும் அழியாதது. அவன் அவள் பேரைச் சொல்லிக்கொண்டேயிருந்தான். பதினாறு வருஷமாக "இந்தாம்மே" என்று கூப்பிட்டவன் இப்போது பசித்தால் "பூங்காவனம்", தாகமெடுத்தால் "பூங்காவனம்", மழை வந்தால் வெளியே போய் வானத்தைக் காட்டி "பூங்காவனம்!" என்று அவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டான். அவளுக்கு உடம்பெல்லாம் கூசும். சந்தோஷமாகவும் இருக்கும். ஆனால் அவன் நெஞ்சில் விரல் வைத்தால் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டிவிடுவாள்.

புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று எல்லாப் பெண்களுக்கும் சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு அது கேள்விப்பட்ட சங்கதி. பூங்காவனத்துக்குக் கண்ணால் பார்த்தது. அவள் அக்கா ஒருநாள் கோபத்தில் தெருவில் நின்று புருஷன் பேரைச் சொல்லி ஏசினாள். ஒன்பதாம் நாள் அந்த மாமா மோட்டார் போடப் போய் கரண்ட் அடித்து விழுந்தார். அக்காவின் வாயைத்தான் ஊர் பார்த்தது, அறுந்து தொங்கின வயரை யார் பார்த்தார்கள்?

புரட்டாசியில் வசுமதி நோட்டை எடுத்துக்கொண்டு டீக்கடைக்கு ஓடிவந்தாள். ரெண்டு பேச்சுக்கும் பொதுவாக ஒரு சொல் அகப்பட்டுவிட்டது! அதற்கு முன்பு "நாம்" என்று ஒன்று அகப்பட்டது, ஆனால் அது டச்சில் பேரைச் சொல்வது, மோசியில் ராஜாவின் அதிகாரத்தைச் சொல்வது. ஒலி ஒன்று, பொருள் வேறு என்று அடித்துவிட்டாள். இது அப்படியில்லை. மா. டச்சுப் பிள்ளையும் தாயை மா என்கிறது, மோசிப் பிள்ளையும் மா என்கிறது. ஊர் தாரை தப்பட்டை அடித்தது. அம்மாமார்களையெல்லாம் நிற்கவைத்துப் பிள்ளைகள் ரெண்டு பக்கமிருந்தும் மா, மா என்று கத்தின. அரசாங்க ஜீப்பில் வந்த அதிகாரி கைதட்டினார். பிள்ளையில்லாத பூங்காவனம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பொதுவாகக் கிடைத்த ஒரே சொல்லும் தனக்கில்லை என்று குமுறிக் குமுறி அழுதாள். தேசப்பன் வெளியே உட்கார்ந்து கதவைத் தட்டிக்கொண்டேயிருந்தான். "பூங்காவனம். பூங்காவனம்." அவனிடம் வேறென்ன இருந்தது?

அதற்கப்புறம்தான் வீடு மாறுதல் ஆரம்பித்தது. யாரும் உத்தரவு போடவில்லை. ஒரு பேச்சுக்காரர்கள் ஒரு தெருவில் இருந்தால் சவுகரியம் என்று ஒருத்தர் பெட்டியைத் தூக்கினார், அவரைப் பார்த்து இன்னொருத்தர். கிழக்குத் தெரு டச்சு, தெற்குத் தெரு மோசி. புருஷன் இங்கே, பெண்டாட்டி அங்கே. தீபாவளிக்கு ஒருத்தருக்கொருத்தர் பலகாரம் கொடுத்தனுப்பினார்கள், விருந்தாளிகளுக்குக் கொடுப்பது மாதிரி. சம்பூர்ணமும் சட்டி பானையைக் கட்டினாள்.

"வந்துடுடி. பேச்சுத் துணையாவது இருக்கும்."

"அவர விட்டுட்டா?"

"என்ன பேசிக்கிறீங்க ரெண்டு பேரும்? செம்பக் காட்டி செம்பக் காட்டி..."

"அதுவாவது இருக்குதே" என்றாள் பூங்காவனம்.

"அப்ப அந்த மனுஷன் பேரையாவது வாயத் தொறந்து சொல்லித் தொலையேன். ஆசையா நிக்கிறாரு பாவம். என் வீட்டுக்காரரு சிங்காரம். இதோ சொன்னேன். குண்டுக்கல்லாட்டம் இருக்காரு."

சம்பூர்ணம் போனாள். கோட்டை ஓரத்தில் ஒற்றை வீடு மிஞ்சியது.

ஐப்பசி மழையில் முகத்துவாரத்து மணல்திட்டு கரைய ஆரம்பித்தது. திட்டு உடைந்தால் கழித் தண்ணீர் அவ்வளவும் கடலுக்குள் பாயும், தோணியையும் இழுத்துக்கொண்டு போகும். முன்பெல்லாம் கரையிலிருந்து "டேய், திரும்புங்கடா!" என்று ஒரு குரல் போட்டால் போதும். இப்போது கத்துகிறவனுக்கு ஒரு பேச்சு, கேட்கிறவனுக்கு ஒரு பேச்சு. ரெண்டு பேர் மயிரிழையில் பிழைத்து வந்த பிறகு, வசுமதியை நடுவில் வைத்து ஊர் ஒரு முடிவு செய்தது. ரேடியோவில் எச்சரிக்கை வந்தால் வசுமதி கோட்டைச் சுவரில் சிவப்புத் துணி ஏற்றுவாள். தோணியில் இருக்கிறவர்கள் முகத்துவாரத்தைப் பார்த்துக் கோல் ஊன்றுவார்கள், கோட்டை முதுகுக்குப் பின்னால் இருக்கும். அதனால் துணியைப் பார்த்ததும் கரையில் இருக்கிற வீட்டு ஜனம் அவரவர் ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கரையிலிருந்து பேர் கேட்டால் திரும்பி வா என்று அர்த்தம். வேறு எதற்கும் கரையிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது.

பெண்டாட்டிமார்கள் எப்படிக் கூப்பிடுவார்கள்? அதற்கும் வழி செய்தார்கள். கார்த்திகை முதல் வெள்ளிக்கிழமை எல்லையம்மன் சந்நிதியில் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் கூடி, தேங்காய் உடைத்து, ஒரே சமயத்தில் புருஷன் பேரைச் சொல்லிவிடுவது. இனி இந்த ஊரில் பேர் சொன்ன பாவத்தை அம்மன் பார்த்துக்கொள்வாள். நூற்றைம்பது பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்கள். சில பேர் வெட்கத்தில் சிரித்தார்கள், சில பேர் அழுதார்கள். பூங்காவனமும் நடுவில் நின்றாள். உதட்டை மட்டும் அசைத்தாள். அந்தச் சத்தத்தில் யாருக்குத் தெரியப்போகிறது? அம்மனுக்குத் தெரிந்திருக்கும். அவளும் வாயைத் திறக்கவில்லை.

பத்து நாள் கழித்து, தூறலாக விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில், தேசப்பன் மற்றவர்களோடு போய்விட்டு, கஞ்சித் தூக்கை மறந்துவிட்டதால் தனியாகத் திரும்பி வந்தான். பூங்காவனம் தூக்கை எடுத்துக்கொண்டு கரைக்கு வந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டவன் தோணியில் ஏறுவதற்கு முன்னால் நெஞ்சில் விரலை வைத்துப் புருவத்தைத் தூக்கினான். அவள் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். அவனும் சிரித்தான். மடவை மீனைக் கொடுத்துவிட்டு வந்த அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. கோலை ஊன்றினான்.

தோணி ஐம்பது அடி போயிருக்கும், அவள் திரும்பினாள். கோட்டைச் சுவரின் மறுகோடியில் சிவப்புத் துணி ஏறிக்கொண்டிருந்தது.

தூரத்தில், தெற்குத் துறையிலும் கிழக்குத் துறையிலும், பெண்கள் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். சிங்காரம்! வரதராசு! யேசுபாதம்! பேர்கள் தண்ணீர் மேல் பறந்தன, தோணிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கோட்டை ஓரத்தில் அவள் ஒருத்திதான் நின்றாள். "வந்துடுங்க!" என்று கத்தினாள். மோசியில் கத்தினாள். தினமும் கேட்கிற சத்தம்தானே என்று தேசப்பன் திரும்பாமலே கையைத் தூக்கி ஆட்டினான். கரையில் கிடந்த ஈயத் தட்டை எடுத்துக் கல்லில் அடித்தாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட அவள் தினமும் அடிப்பது அது. அவன் கஞ்சித் தூக்கை உயரத் தூக்கிக் காட்டினான், இதோ இருக்கிறது என்று.

இனி ஒன்றுதான் பாக்கி. பூங்காவனம் வாயைத் திறந்தாள். "தே" என்று அந்த முதல் எழுத்து நாக்கின் நுனிக்கு வந்தது. சொன்னால் அவன் திரும்புவான், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. நாலு மாதமாகக் காத்திருக்கிறவன், தண்ணீரில் குதித்தே வந்துவிடுவான். ஆனால் அந்த நொடியில் அவள் கண்ணில் அக்காவின் புருஷன் விழுந்துகிடந்தார். உயிர் தண்ணீர் மேல் நிற்கிற நேரத்திலா இவர் பேரைச் சொல்வது? இந்தப் பேரே இவரைக் கொண்டுபோய்விட்டால்? வாயைப் பொத்திக்கொண்டாள். பழக்கத்தில் கை தானாக வந்து பொத்தியது. பாவி, பொத்திக்கொண்டாள்!

எவ்வளவு நேரம் என்று கேட்டால் நான் என்ன சொல்வேன். பத்து மூச்சு இருக்கலாம். கையை எடுத்து, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஓடி, "தேசப்பன்! தேசப்பன்! தேசப்பன்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். திட்டு அப்போதுதான் உடைந்தது. அவன் திரும்பினான். அதை அவள் பார்த்தாள். கோலை விட்டுவிட்டு முழுசாகத் திரும்பி, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, முகமெல்லாம் பூரித்துப்போய் நின்றான். அப்புறம் தண்ணீர் ஓடிற்று.

உடம்பு அகப்படவில்லை. வலை வீசிப் பார்த்தார்கள், மூன்று நாள் பார்த்தார்கள், கடைசியில் கஞ்சித் தூக்கு மட்டும் வடக்கே ஏழு மைலில் ஒதுங்கியது.

ஊர் ரெண்டு பேச்சிலும் அதைப் பேசியது. கிழக்குத் தெருவில், அவள் முதலிலேயே பேர் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பான் என்றார்கள். தெற்குத் தெருவில், அவள் பேர் சொன்னதும்தானே திட்டு உடைந்தது என்றார்கள். வசுமதி அரைகுறை மோசியில் வந்து ஆறுதல் சொன்னாள்: "நீ காரணம் இல்லே. தண்ணி காரணம்." பூங்காவனம் அவளை வெறித்துப் பார்த்தாள். சொன்னதுதான் தப்பா, சொல்லாததுதான் தப்பா? அதை மட்டும் யாராவது அடித்துச் சொல்லியிருந்தால் அவள் அந்த ஒன்றைச் சுமந்துகொண்டு இருந்திருப்பாள். இப்போது ரெண்டையும் சுமந்தாள்.

தை மாதம் வசுமதி தன் ஊருக்குப் புறப்பட்டாள். நோட்டில் ரெண்டு பேச்சுக்கும் பொதுவான சொற்கள் என்று போட்ட பக்கத்தில் "மா" மட்டும் தனியாக நின்றது. அதற்குக் கீழே அவள் தேசப்பன் என்று எழுதினாள், ஏனென்றால் அந்தக் கார்த்திகைக்கப்புறம் ரெண்டு தெருவிலும் ஏதாவது கைமீறிப்போனால் ஜனங்கள் பெருமூச்சு விட்டு அந்தப் பேரைத்தான் சொன்னார்கள். பால் திரிந்தால் தேசப்பன். பஸ் போய்விட்டால் தேசப்பன். பேரைச் சொல்லாமலே பதினாறு வருஷம் வாழ்ந்தவள் அதை ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்டுக்கொண்டு தெருவில் நடந்தாள். மனசுக்குள் ஒன்றும் அசையவில்லை. கல்லாகிவிட்டாள் என்றார்கள். கல்லானால் தேவலையே.

மாசி பிறந்து ஆறாம் நாள் தமிழ் திரும்பி வந்தது. ஏன் போயிற்று என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தது என்றும் சொல்லவில்லை, சொந்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரி வந்துவிட்டது. ஒரே நாளில் பெட்டிகள் இடம் மாறின. புருஷன்களும் பெண்டாட்டிகளும் கட்டிப்பிடித்து அழுதார்கள், பத்தரை மணிக்கெல்லாம் சண்டையை ஆரம்பித்தார்கள், தெருக்குழாயில் ஏழு மாதத்து ஏச்சும் சேர்த்துக் கிடைத்தது. அம்மனிடம் வாங்கின அனுமதியைப் பெண்கள் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், ஒருத்தியும் புருஷன் பேரைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வீடு பழையபடி "ஏங்க, ஏங்க" என்றுதான் கேட்டது.

பூங்காவனம் அன்றைக்கும் கிழக்கே தலை வைத்துத்தான் படுத்திருந்தாள், பக்கத்தில் அவன் பாயையும் விரித்துப் போட்டு. கண் விழித்ததும், "ஏங்க, எழுந்திரிங்க, விடிஞ்சிடுச்சு" என்றாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது, தமிழ். எழுந்து உட்கார்ந்து அந்தப் பாயைப் பார்த்தாள். போகாதீங்க. திட்டு உடையப்போவுது. திரும்பி வந்துடுங்க. அன்றைக்கு ஒன்றுகூட இல்லாத வார்த்தையெல்லாம் இன்றைக்குக் கூடை கூடையாக வந்து குவிந்தது. முடியை அள்ளிச் செருகாமலே கரைக்கு ஓடினாள்.

கழியில் முப்பது தோணி நின்றது. ஆண்களெல்லாம் முகத்துவாரத்தைப் பார்த்து வலை விரித்துக்கொண்டிருந்தார்கள், முதுகுதான் தெரிந்தது. பூங்காவனம் தண்ணீரில் இறங்கி, உயிரையெல்லாம் கூட்டி, "ஏங்க!" என்று கூப்பிட்டாள்.

முப்பது தோணியிலும் முப்பது பேரும் திரும்பினார்கள். ஒவ்வொருத்தனுக்கும் தன் வீட்டிலிருந்து கூப்பிட்ட மாதிரிதான் இருந்தது. கரையில் நிற்பது யார் என்று பார்த்ததும் ஒவ்வொருத்தராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிங்காரத்தின் தோணி கிட்டத்தில் நின்றது.

"என்னம்மா?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்லண்ணே" என்றாள் பூங்காவனம். "உங்களக் கூப்பிடல."